கிணற்றடியில் தொடங்கிய கோடு

எங்கள் அச்சகத்துக்குக் கலியாண அழைப்பிதழ் வேலை வருவது குறைந்து பல காலமாகிறது. கைபேசியில் ஒரு படத்தை எல்லாருக்கும் அனுப்பிவிட்டு ஆட்கள் கலியாணத்தை முடித்துவிடுகிறார்கள். குறையாத வேலை ஒன்று உண்டு. அது கல்வெட்டு.

வெளியூர்க்காரர்கள் இந்தச் சொல்லைக் கேட்டவுடன் சோழர் காலத்துக் கருங்கல்லை நினைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கடதாசிதான். ஒருவர் காலமாகி 31ஆம் நாள் கிரியைகள் முடிந்து, மதியம் சாப்பிட்டு எழும்பும் உறவினர் கையில் கொடுக்கும் சிறு நூல் அது. அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், திருவாசகம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். நான் அங்கே பக்கம் கட்டுபவன். பாமினி எழுத்துருவில் வரலாறு தட்டுவதும், வம்சாவளியில் மூத்த மருமகனின் பெயர் விடுபட்டுவிட்டது என்று இரவு 11 மணிக்கு வரும் தொலைபேசிக்குப் பணிவாகப் பதில் சொல்வதும் என் வேலை. படமும் கீறுவேன்.

சில வருடங்களாக இந்தப் படம் கீறும் வேலை கூடியிருக்கிறது. அப்பாவின் முகத்தோடு அப்பாவின் வீடும் வேண்டும் என்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். வீடு இருந்தால் படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். என்னிடம் வருவது பெரும்பாலும் இல்லாத வீடு. இடித்த வீடு, விற்ற வீடு, குண்டு விழுந்த வீடு. ஆகவே நான் ஒரு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒரு முதியவரின் விறாந்தையில் போய் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்லக் கீற வேண்டும்.

இதற்கு என்னிடம் இரண்டு கருவிகள் இருக்கின்றன. எது நல்லது என்று கேட்கிறவர்கள் அதிகம் என்பதால்தான் இந்தப் பதிவு. ஆனால் நான் நினைத்த விடையை ஒரு அம்மா மாற்றிவிட்டார். அந்தக் கதைக்கு வர முன்னர் கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முதலாவது டேப்லெட். வரைபலகை என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன். அச்சகத்தில் ஒருவரும் ஏற்கவில்லை. அவர்கள் அதற்குச் சிலேட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். கறுப்பாக, தட்டையாக இருக்கும். எழுதினால் அதில் ஒன்றும் விழாது. கோடு கணினித் திரையில் வரும். கை மேசையில், கண் திரையில். இது பழக எனக்கு இரண்டு வாரம் எடுத்தது. முதல் நாள் நான் கீறிய பூரண கும்பங்கள் எல்லாம் பூசணிக்காயாக வந்தன. என் கையைத்தான் நொந்துகொண்டேன். பிறகுதான் விளங்கியது, சிலேட்டின் நீள அகல விகிதம் ஒன்று, திரையின் விகிதம் வேறு. இரண்டையும் அமைப்பில் பொருத்திவிடாமல் கீறினால் வட்டம் நசியத்தான் செய்யும். சிலேட்டு வாங்கும் எவரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது. பெட்டிக்குள் வரும் தாளில் இது எழுதியிருக்கும். அந்தத் தாளை யார்தான் வாசிக்கிறார்கள்?

சிலேட்டின் பேனைக்குப் பற்றரி கிடையாது. பலகைக்கு அடியில் நுண்ணிய கம்பிகளின் வலை ஒன்று இருக்கிறது. அது மெல்லிய மின்காந்தப் புலம் ஒன்றை வெளிவிடும். பேனைக்குள் ஒரு கம்பிச் சுருளும் ஒரு மின்தேக்கியும் இருக்கின்றன. அவை அந்தச் சக்தியை வாங்கி, தம் அதிர்வோடு திருப்பி அனுப்பும். எந்தக் கம்பியில் எவ்வளவு வலுவாகத் திரும்பி வந்தது என்பதை வைத்துப் பேனை முனை எங்கே நிற்கிறது என்று பலகை கணக்கிடும். முனையை அழுத்தினால் அதிர்வு சற்று மாறும். அதிலிருந்து அழுத்தமும் தெரிந்துவிடும். 1983இல் யப்பானில் தொடங்கிய வாக்கொம் நிறுவனம் இந்த முறையால்தான் உலகப் பெயர் எடுத்தது. இன்று சீனாவில் செய்யும் மலிவான சிலேட்டுகளும் 8192 அழுத்தப் படிகள் என்று பெட்டியில் அடித்து விற்கின்றன. என் கைக்கு 20 படி இருந்தாலே தாராளம்.

பற்றரி இல்லை என்பதில் எனக்கு ஒரு தனித் திருப்தி உண்டு. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குள் கொண்டுவரத் தடை செய்யப்பட்டிருந்த பொருள்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து வானொலிச் செய்தி கேட்ட வீட்டில் வளர்ந்தவன் நான். செய்தி முடிவதற்குள் கை உளைந்துவிடும். சுற்றாமலே வேலை செய்யும் எந்தப் பொருளையும் இன்றுவரை கொஞ்சம் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

இரண்டாவது, டிஜிட்டல் பேனை. மச்சான் ரொறன்ரோவிலிருந்து வந்தபோது சொக்லேற் பெட்டிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தது. பெருவிரல் தடிப்பு. உண்மையான மை, உண்மையான கடதாசி. எழுதியது அப்படியே கைபேசிக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். மந்திரம் பேனையில் பாதி, கடதாசியில் பாதி. அந்தக் கொப்பியின் தாள் தூரத்தில் பார்க்க இலேசான சாம்பல் நிறம். கண்ணாடி வைத்துப் பார்த்தால் முழுக்கப் புள்ளி. நான் வைத்திருக்கும் பேனையின் சங்கதியை விடுகிறேன்; இந்தப் புள்ளி முறையை உலகுக்குக் கொண்டுவந்தது சுவீடனில் லுண்ட் நகரத்து அனோட்டோ நிறுவனம். அவர்களின் முறையில் புள்ளிகளுக்கு நடுவே 0.3 மில்லிமீற்றர் இடைவெளி. ஆனால் ஒரு புள்ளியும் தன் இடத்தில் சரியாக நிற்காது. மேலே, கீழே, இடம், வலம் என்று ஏதாவது ஒரு பக்கம் ஒரு மயிரிழை விலகி நிற்கும். ஆறுக்கு ஆறாக 36 புள்ளிகளைப் பார்த்தால் போதும்; அந்த விலகல்களின் சேர்க்கை வேறெங்கும் வராது. முனைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறு கமரா அகச்சிவப்பு ஒளியில் புள்ளிகளைப் படம் பிடித்துக்கொண்டே போகும். தான் எந்தப் பக்கத்தில், எந்த மூலையில் நிற்கிறேன் என்று பேனைக்குத் தெரியும். அந்தப் புள்ளிக் கோலத்தை முழுதாக விரித்தால் ஆசியாவையும் ஐரோப்பாவையும் சேர்த்தாலும் மூடிவிடுமாம். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கோலம் போடுகிற எங்கள் வீட்டுப் பெண்கள் புள்ளியை நேராக வைக்கத்தான் பாடுபடுவார்கள். இங்கே விலகி நிற்பதுதான் முகவரி.

அச்சுத் தொழிலாளி ஒருவனுக்கு இதில் இன்னொரு சுவை உண்டு. அகச்சிவப்புக் கமராவுக்குக் கரி மட்டும்தான் தெரியும். நான்கு நிற அச்சில் கறுப்பு மையில்தான் கரி இருக்கிறது. நீலத்திலும் சிவப்பிலும் மஞ்சளிலும் இல்லை. ஆகவே புள்ளிகளைக் கறுப்பில் அடித்து, தாளில் வேறு எழுத்தோ கோடோ வேண்டுமானால் அதை மற்ற மூன்று நிறங்களையும் கலந்த ஒரு போலிக் கறுப்பில் அடிப்பார்கள். நமக்கு இரண்டும் கறுப்பு. பேனைக்கு ஒன்று தெரியும், மற்றது கண்ணாடி மாதிரி. அதே காரணத்தால் பேனையின் மையிலும் கரி இருக்கக் கூடாது. இருந்தால் தான் கீறிய கோடே தன் கண்ணை மறைத்துவிடும்.

கொப்பி தீர்ந்தால் அடுத்தது மச்சான் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் புள்ளித் தாளை நானே அடித்துப் பார்க்கலாம் என்று அச்சகத்து நிற லேசர் இயந்திரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். முதல் தடவை, மேலே போட்ட தலைப்பை வழக்கம்போலத் தனிக் கறுப்பில் விட்டுவிட்டேன்; அந்த இடத்தில் பேனைக்குக் கண் தெரியவில்லை. இரண்டாம் தடவை, நாங்கள் வாங்கும் மலிவுத் தாளில் புள்ளிகள் ஊதிப்போய் ஒன்றோடொன்று ஒட்டின. கோடு பாதி வந்தது, பாதி வரவில்லை. மூன்றாம் தடவை நல்ல தாளில் சரியாகவே வந்தது. 40 தாள் அடித்து மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை காலை முதலாளி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இயந்திரத்து உருளை அழுக்காகிவிட்டது என்று தம்பி ஒருவனை ஏசி, தாள்களைக் கழிவுக் கூடையில் போட்டுவிட்டார். நான் வாய் திறக்கவில்லை.

இந்தப் பேனைக்குத் தெரியாதவை பல. பென்சிலால் நிழல் போட்டால் அதற்குத் தெரியாது. விரலால் தேய்த்தால் தெரியாது. தூரிகையால் நீர் வண்ணம் விட்டால் தெரியாது. தன் முனை தாளைத் தொட்டதை மட்டும்தான் அது எழுதி வைக்கும். வெட்டினால் வெட்டியதும் பதிவாகும். அழிறப்பர் என்ற ஒன்றே அதன் உலகத்தில் இல்லை. கோடும் எல்லா இடத்திலும் ஒரே தடிப்பு மாதிரித்தான் வந்து விழும். வண்ணம் போடுகிறவர்கள், கரித்துண்டில் வேலை செய்கிறவர்கள் இதற்குக் காசு கொடுப்பது வீண்.

புள்ளித் தாள் தேவையில்லாத முறைகளும் வந்தன. வாக்கொம் 2011இல் இன்க்லிங் என்று ஒன்றை விட்டது. எந்தத் தாளின் மேல் விளிம்பிலும் ஒரு சிறு பெட்டியைக் கவ்வி வைப்பது. பேனை அகச்சிவப்பும் மீயொலியும் அனுப்ப, பெட்டி அதை வாங்கி இடத்தைக் கணக்கிடும். பெட்டிக்குத் தாளைத் தெரியாது, பேனையை மட்டும்தான் தெரியும். ஆகவே பெட்டி சற்று அசைந்தால் வீட்டின் கூரை ஒருபக்கமும் சுவர் ஒருபக்கமுமாகப் போய்விடும். இன்று அது விற்பனையில் இல்லை. 2017இல் அதே நிறுவனம் சிலேட்டின் மேலேயே சாதாரணத் தாளைக் கவ்வி, மைப் பேனையால் கீறும் வகை ஒன்றையும் விட்டது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நல்ல யோசனை. விலையைப் பார்த்து நான் விலகிக்கொண்டேன்.

இனி அந்த அம்மா.

இணுவிலில் இருக்கிறார். வயது 76. காலமானவர் அவருடைய கணவர். மயிலிட்டியில் கடல் தொழில் செய்தவர். 1990இல் போரில் உடுத்த துணியோடு எழும்பி வந்த குடும்பம். இராணுவம் பிடித்து வைத்திருந்த மயிலிட்டித் துறைமுகப் பக்கத்தை 2017இல் திறந்துவிட்டபோது போய்ப் பார்த்திருக்கிறார்கள். வீடு நின்ற இடத்தில் பற்றை. கிணற்றுக் கட்டை வைத்துத்தான் காணியை மட்டுக்கட்டினார்களாம். வீட்டின் படம் ஒன்றுகூட இல்லை. ஒரு கலியாணப் படத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் அரைக் கதவு தெரிகிறது, அவ்வளவுதான். கல்வெட்டின் பின்னட்டைக்கு அந்த வீடு வேண்டும் என்று ரொறன்ரோவில் இருக்கும் மகன் கேட்டார். 31ஆம் நாளுக்கு 13 நாள் இருந்தது.

முதல் தடவை சிலேட்டோடு போனேன். மடிக்கணினியைப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் வைத்து, மின்கம்பியை யன்னலுக்குள்ளால் விட்டு, என் முழங்காலில் சிலேட்டை வைத்துக்கொண்டேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். விறாந்தை எவ்வளவு நீளம், கூரை ஓடா ஓலையா, படி எத்தனை என்று கேட்டேன். சொன்னார். திரையில் வீடு வளர்ந்தது. சரியா அம்மா என்று கேட்கும்போதெல்லாம், “நல்லது தம்பி” என்றார். கதவை நடுவில் வைத்தேன். “நல்லது தம்பி.” முன்னால் ஒரு பூவரசு வைத்தேன். “நல்லது தம்பி.” ஒரு மணித்தியாலத்தில் அழகான வீடு முடிந்தது. தேத்தண்ணீர் குடித்துவிட்டு எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை மகன் கனடாவிலிருந்து எடுத்தார். மிகுந்த தயக்கத்தோடு சொன்னார்: “அண்ணா, குறை நினைக்க வேண்டாம். அது எங்கள் வீடு இல்லை என்று அம்மா சொல்கிறார்.”

எங்கே பிழை என்று அம்மாவிடம் கேட்டீர்களா என்றேன். கேட்டாராம். “அந்தத் தம்பி கரண்டில் கீறுகிறார், அதை எப்படி மாற்றச் சொல்வது?” என்றாராம்.

இதைக் கேட்டு முதலில் எனக்குக் கோபம் வந்தது. மாற்றுவதற்காகவே செய்த கருவி அது! ஒரு விசையைத் தட்டினால் கோடு போய்விடும். கதவை இழுத்து இந்தப் பக்கம் வைக்கலாம். கூரையை ஒரு நிமிடத்தில் ஓலையாக்கலாம். ஆனால் அது எனக்குத்தான் தெரியும். அவருக்குத் தெரிந்தது, திரையில் ஒளிரும் ஒரு முடிந்த படம். தொலைக்காட்சியில் வருவதை யார் திருத்துவார்கள்? நான் கையை முழங்காலில் அசைக்க வீடு எங்கோ எதிரில் எழும்பியது. அதில் தானும் கை வைக்கலாம் என்று அவர் நினைக்க ஒரு வழியும் இல்லை.

இரண்டாம் தடவை டிஜிட்டல் பேனையும் கொப்பியும் மட்டும் கொண்டுபோனேன். மேசையில் கொப்பியை விரித்து, இருவருக்கும் நடுவில் வைத்து, வீட்டின் முகப்பைக் கீறத் தொடங்கினேன். இரண்டு நிமிடம் பேசாமல் பார்த்தார். பிறகு அவருடைய விரல் தாளில் வந்து குத்தியது.

“குசினி வீட்டோடு சேர்ந்ததில்லைத் தம்பி. தனிய. இங்கே.”

நான் அந்த இடத்தில் ஒரு பெட்டி போட்டேன்.

“அவ்வளவு கிட்ட இல்லை.”

இன்னொன்று போட்டேன்.

“விடுங்கள். அந்தப் பேனையைத் தாருங்கள்.”

கொடுத்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அது 23ஆம் பக்கம். பின்னால் சொல்லப்போவதற்காக இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். “ஏன் இவ்வளவு தடிப்பு?” என்று கேட்டார். நீங்கள் கீறுவதைப் பேனையும் பார்த்து எழுதி வைக்கிறது என்றேன். “எழுதட்டும்” என்று சொல்லிவிட்டுக் கீறத் தொடங்கினார். முன் பின் கீறிப் பழக்கமில்லை. கிணறு மேலே நின்று பார்த்த வட்டம். வீடு முன்னால் நின்று பார்த்த முகப்பு. பாதை இரண்டு கோடு. முருங்கை ஒரு குச்சி. வேலி தாளைச் சுற்றிப் படுத்துக் கிடந்தது. இடையிடையே பேனையைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்தார். நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணித்தியாலம் போயிருக்கும்.

அன்று இரவு அச்சகத்தில், பேனை கைபேசிக்கு அனுப்பிய பக்கத்தைத் திறந்தேன். இந்தப் பேனைகள் கோடு எங்கே விழுந்தது என்பதோடு எப்போது விழுந்தது என்பதையும் வைத்திருக்கும். ஒரு பொத்தானைத் தொட்டால் வெற்றுத் தாளிலிருந்து கோடுகள் தாம் பிறந்த வரிசையில் ஒவ்வொன்றாக வரும். என் படங்களுக்கு நான் இதை ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. நான் எதை முதலில் கீறினேன் என்று எனக்குத் தெரியுமே.

அம்மாவின் முதல் கோடு கிணறு. யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அதை நான் கவனிக்கவே இல்லை. கிணற்றைச் சுற்றிக் கட்டு, துலா, துலாவுக்குப் பக்கத்தில் ஒரு கல். அதிலிருந்து ஒரு பாதை புறப்பட்டுக் குசினிக்குப் போகிறது. குசினிக்குப் பிறகு முருங்கை. பிறகு வேலி. வீடு கடைசிக்கு முந்தியது. நானானால் வீட்டை நடுவில் நட்டுவிட்டு மற்றவற்றை ஓரத்தில் இட்டு நிரப்பியிருப்பேன்; முதல் நாள் அதைத்தான் செய்தேன்.

இன்னொன்றும் கண்டேன். தாளில் விறாந்தையின் கப்பு ஒன்று, அதாவது கூரையைத் தாங்கும் தூண், மற்றக் கப்புகளைவிடத் தடிப்பாகத் தெரிந்தது. கை நடுங்கி இரட்டித்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டேன். ஓட விட்டுப் பார்த்தபோது அந்தக் கப்புக்கு அவர் மூன்று தடவை வந்திருக்கிறார். வீட்டைக் கீறும்போது ஒரு தடவை. படியைக் கீறிய பிறகு திரும்பி வந்து ஒரு தடவை. எல்லாம் முடிந்து, பேனையை மூடும் முன் கடைசிக் கோடாக இன்னொரு தடவை. தாளைப் படம் பிடித்திருந்தால் ஒரு தடித்த கோடுதான் எனக்குக் கிடைத்திருக்கும்.

காலையில் தொலைபேசியில் கேட்டேன். அந்த மூலைக் கப்பில் என்ன அம்மா?

“அதிலே கட்டித்தான் அவர் வலை பொத்துகிறவர்.”

கிணற்றிலிருந்து ஏன் தொடங்கினீர்கள் என்றும் கேட்டேன். இப்படியும் ஒரு கேள்வியா என்பதுபோல ஒரு நிமிடம் பேச்சில்லை. “விடிந்தால் முதலில் போகிற இடம் அதுதானே?”

பின்னட்டைப் படத்தை நான் சிலேட்டில்தான் முடித்தேன். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. அம்மாவின் கோடுகளைக் கிரிட்டா என்ற படம் கீறும் மென்பொருளில் அடித்தளமாக இளநீலத்தில் போட்டு, மேலே இன்னொரு தளத்தில் என் படத்தைக் கட்டினேன். அந்த மென்பொருள் இலவசம். சிலேட்டோடு நன்றாகப் பழகும். பார்க்கும் இடத்தைக் கிணற்றடிக்கு மாற்றினேன். முன்னால் துலாவும் கல்லும், நடுவில் குசினி, அப்பால் விறாந்தை, மூலைக் கப்பில் வலை. அந்த வலையை மட்டும் 14 தடவை அழித்திருப்பேன். தாளில் 14 தடவை அழித்தால் தாள் கிழிந்துவிடும். கையின் நடுக்கத்தை மென்பொருள் தானாக நேராக்கும் வசதியை நிறுத்திவிட்டேன். அதைப் போட்டால் கிடுகு வேலியும் தகர வேலி மாதிரி வரும்.

அச்சுக்கும் இதுவே தோது. எங்களைப் போன்ற சிறிய ஓப்செட் இயந்திரத்தில் சாம்பல் நிறப் படத்தைக் கொடுத்தால், அதைச் சிறு சிறு புள்ளிகளாக உடைத்துத்தான் அடிக்க முடியும். மலிவுத் தாளில் அது மங்கும். முழுக் கறுப்பில் கீறிய கோட்டுப் படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கத்தி மாதிரி விழும்.

அம்மா கீறியதையும் உள்ளட்டையில் போடுவோம் என்று மகனுக்குச் சொன்னேன். குழந்தைப் பிள்ளை கீறியது மாதிரி இருக்கிறது, பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று அவர் தயங்கினார். நான் வாதாடவில்லை. கைபேசியில் கோடுகள் ஒவ்வொன்றாக வருவதை அப்படியே பதிவு செய்து அனுப்பினேன். அன்று முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் ஒரு வரி வந்தது: “போடுங்கள் அண்ணா. அந்தக் கல்லில் உட்காரவைத்துத்தான் எனக்குத் தோய வார்ப்பார்.”

சில பேனைகள் எழுதும்போது பேச்சையும் சேர்த்துப் பதியும். லைவ்ஸ்கிரைப் நிறுவனம் 2008இல் விட்ட பல்ஸ் அப்படிப்பட்டது. எழுதிய சொல்லின் மேல் பேனையால் தட்டினால், அதை எழுதிய நேரத்தில் கேட்ட பேச்சு திரும்ப ஒலிக்கும். என்னுடையதில் அது இல்லை. கீறும்போது அம்மா வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் மரியாதைக்காகக் காது கொடுக்கவில்லை. இப்போது அந்த மரியாதையை நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

எதை வாங்குவது என்று கேட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரம் படிக்கிற பிள்ளைக்கு இரண்டும் வேண்டாம். பென்சில், சித்திரக் கொப்பி, கீறியதைப் படம் பிடிக்க வீட்டில் இருக்கும் கைபேசி. நிழல் விழாமல் முற்றத்து வெளிச்சத்தில் தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுத்தால் போதும். விளம்பரம், அட்டை, சுவரொட்டி என்று கீறிச் சம்பாதிக்கப் போகிறவர் கண்ணை மூடிக்கொண்டு சிலேட்டு வாங்கலாம். திரை இல்லாத சிறியதே போதும், ஆறங்குல அகலம் தாராளம். டிஜிட்டல் பேனையை, கீறுகிறவர் என்பதற்காக மட்டும் யாரும் வாங்க வேண்டாம். அதன் கொப்பிக்கு அலைய வேண்டும், அதன் செயலியை நம்பியிருக்க வேண்டும், கோட்டில் தடிப்பு மெலிவு தெரியாது. நான் என்னுடையதை இப்போது எனக்காக எடுப்பதில்லை. யாருடைய வீட்டுக்காவது போகும்போது, அவர்கள் கையில் கொடுப்பதற்காக எடுத்துப் போகிறேன். ஆறு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். நான்கு வீட்டில் பேனையைக் கேட்டு வாங்கிக் கீறினார்கள். ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் மாமரம் நின்ற பக்கத்துக்காகச் சண்டை பிடித்து, ஒரே பக்கத்தில் இரண்டு மாமரம் வைத்தார்கள். இரண்டு மரமும் கோப்பில் இருக்கின்றன, எது முதலில் வந்தது என்ற கணக்கோடு.

31ஆம் நாளுக்குக் கல்வெட்டு 300 பிரதி போனது. இரண்டு கிழமை கழித்து, மிஞ்சிக் கிடந்த சில பிரதிகளைக் கொடுக்க இணுவிலுக்குப் போனேன். போகும்போது கொப்பியிலிருந்து 23ஆம் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுபோய் அம்மாவிடமே கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குக் கோப்பு இருக்கிறது, தாள் எதற்கு? செயலியில் 22க்கு அடுத்து 23, அதற்கு அடுத்து 24 என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. கொப்பியில்தான் ஓர் ஒற்றை குறைந்தது.

போன மாதம் அவருடைய தங்கை வீட்டு வேலை ஒன்றுக்காக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கணவரின் படத்துக்குக் கீழே, மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தத் தாள் இருந்தது. குனிந்து பார்த்தேன். குசினிக்குப் பின்னால், வேலியோரம், நீலக் குமிழ் முனைப் பேனையால் ஒரு சிறு கொட்டில் புதிதாக நின்றது. பக்கத்தில் நான்கு கால் வைத்த ஏதோ ஒன்று.

“ஆடு” என்றார் அம்மா. “அன்றைக்கு மறந்துபோனேன்.”